இரும்பைத் தொடாத நாற்காலி

கேள்வி: எனக்கு 33 வயது. உலோகவியலில் பி.இ. படித்துவிட்டு, கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் 10 வருடமாக இருக்கிறேன். போன ஷட்டவுனில் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களில்) ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயின் இன்சுலேஷனைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். தடிமன் ரீடிங் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் வேலை என்றார்கள். பிரித்து டி.பி. டெஸ்ட் (சாயம் தடவி வெடிப்பைத் தேடும் சோதனை) போட்டால், வெல்டுக்குப் பக்கத்தில் வெடிப்பு. ஆனால் ரிவ்யூ மீட்டிங்கில் பராமரிப்புப் பிரிவின் மூத்த பொறியாளர் "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று ஆரம்பித்து முழுவதையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார். மேலாளர் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்வது. என் கீழ் 11 பேர் வருவார்கள், எல்லோரும் ஆண்கள், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். இன்னொன்று, ஆவணப் பிரிவு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை, ஏசி அறை, இப்போதைய சம்பளம். "சின்னக் குழந்தை இருக்கிறது. ராத்திரி வேலைக்குப் பெண்களைப் போடச் சட்டமும் இடம் தராது. இரண்டாவதுதான் உனக்கு நல்லது" என்றார். மகளுக்கு 4 வயது, மாமியார் பார்த்துக்கொள்கிறார். கணவர் தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறார். இன்னொரு குழந்தையும் வேண்டும் என்று நினைக்கிறோம். வயதான ஃபிட்டர்கள் என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களை நான் எப்படி அதட்டி வேலை வாங்குவேன்? இந்தத் துறையில் தலைமைக்கு வந்த பெண்கள் என்று யோசித்தால் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில் (ஓய்வுபெற்ற வெல்டிங் மற்றும் ஆய்வுப் பொறியாளர், புதுச்சேரி):

அன்புள்ள தங்கைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணப் பிரிவு வேண்டாம். ஆய்வுப் பிரிவின் தலைமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவை என்ன என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நான் அந்த ஏசி அறைக்குப் போய்வந்தவள்.

1994-இல் என் மகன் பிறந்தான். அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். திரும்பி வந்ததும் என் மேலதிகாரி மிகுந்த அன்போடு, "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சாரம் ஏறுவாயா? கொஞ்ச நாள் சர்ட்டிஃபிகேட் ரூமில் இரு" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. எனக்கும் அது பெரிய உதவியாகத்தான் பட்டது. அந்தக் கொஞ்ச நாள் 3 வருடம் ஆனது. வரும் ஒவ்வொரு தகட்டுக்கும் குழாய்க்கும் மில் சான்றிதழைச் சரிபார்த்து, ஹீட் நம்பரை (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) பதிந்து, கோப்பில் போடுவேன். நம்பர்கள் எனக்கு மனப்பாடம். அந்தக் குழாய் பிளாண்டில் எங்கே ஓடுகிறது, எது கசிகிறது, எதை யார் எப்போது வெட்டி ஒட்டினார்கள் என்பது மட்டும் தெரியாது. பதவி உயர்வு நேர்காணலில் "கடைசியாக எந்த வெசலுக்குள் (ஆலையின் பெரிய கலன்) இறங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். நான் சொன்ன பதிலில் இருந்தது மூன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி. நான் டி.பி. டெஸ்ட் சொல்லிக்கொடுத்த பையனுக்கு அந்த வேலை போயிற்று. அவன் பேரில் எனக்கு இன்றும் கோபம் இல்லை, அவன் மூன்று வருடமும் இரும்பைத் தொட்டுக்கொண்டே இருந்தவன். நான் பழைய இடத்துக்கு வந்து சேர இன்னும் 4 வருடம் பிடித்தது.

ஆவண வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. சான்றிதழ் தப்பானால் பிளாண்டே தப்பாகும். ஆனால் நம் தொழிலில் மேலே போகும் படிக்கட்டு ஒரே ஒரு கையெழுத்தில் இருக்கிறது. "இந்த வெசல் ஓடலாம்", "இது ஓடக்கூடாது" என்று எழுதி அதன் கீழே போடுகிற கையெழுத்து அது. அதைப் போடுகிறவரைத்தான் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், அவரிடம்தான் பட்ஜெட் பற்றிக் கேட்பார்கள். சான்றிதழைக் கோப்பில் வைப்பவரை ஆடிட் வரும்போதுதான் தேடுவார்கள்.

இனி அந்தக் குழாய்க்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். நீங்களோ நான்கு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது, அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான் அதன் தடிமன். அதிகம் புழங்கும் 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நம் ஊர்க் காற்றிலோ உப்பு. இன்சுலேஷனுக்கு மேலே போர்த்தியிருக்கும் தகட்டில் ஒரு இணைப்பு விட்டிருந்தால் போதும், ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே குழாய் சூடாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் சேரும். குழாயின் சூடு 60 டிகிரியைத் தாண்டி, வெல்டிங்கால் உண்டான இழுவிசையும் உலோகத்துக்குள் மிச்சம் இருந்தால், உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு உள்ளே நுழையும். அங்கிருந்து வெடிப்பு மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகும். உலோகம் கரைந்து மெலிவதில்லை. அதனால் தடிமன் அளக்கும் கருவியை வைத்தால் அனேகமாக முழுத் தடிமனையும் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

சாதாரணக் கார்பன் ஸ்டீல் குழாய் என்றால் இன்சுலேஷனுக்கு அடியில் துருப்பிடித்து மெலியும், ரீடிங் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் அப்படிக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. (தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து வீடு கட்டிய உறவினர் ஒருவர், எவர்சில்வர் கேட் போட்டும் கறை பிடிக்கிறதே என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். 316 ரகம் போட்டிருந்தால் இன்னும் தாங்கும், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது என்பேன். விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார். உங்கள் குழாய்க்கு 316-ம் முழு மருந்தாகாது என்பது உங்களுக்கே தெரியும்.)

ரீடிங் எடுக்கத் தெரிந்தவர்கள் உங்கள் பிளாண்டில் நிறையப் பேர் இருப்பார்கள். ரீடிங் சரியாக இருந்தும் சந்தேகப்பட்டது நீங்கள் ஒருவர். "பிரிக்க வேண்டாம்" என்று எல்லோரும் சொன்ன இடத்தில் "பிரியுங்கள்" என்று நின்றிருக்கிறீர்கள், அவர்களும் பிரித்திருக்கிறார்கள். அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை தலைமை தாங்கிவிட்டீர்கள். பதவிப் பெயர்தான் பாக்கி.

அந்த மீட்டிங் நடந்த விதம் எனக்குப் புதிதில்லை. இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, வருத்தப்படாதீர்கள். கண்டுபிடித்ததை வாயால் சொல்லிவிட்டு, மீட்டிங்கில் யாராவது உங்கள் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். இனிமேல் இப்படிச் செய்யுங்கள். டெஸ்ட் முடிந்த அன்றைக்கே ஒரு பக்க அறிக்கை. லைன் (குழாய்த்தடம்) நம்பர், தேதி, ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ, "ஆய்வு செய்தவர்" என்ற இடத்தில் உங்கள் பெயர். பராமரிப்பு, உற்பத்தி, பாதுகாப்பு என்று மூன்று பிரிவுக்கும் மீட்டிங்குக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அப்புறம் யாராவது "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று ஆரம்பித்தால் சண்டை போட வேண்டாம். "அந்த அறிக்கையின் படத்தை நான் காட்டுகிறேன் சார், இரண்டாவது வெடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது முக்கியம்" என்று எழுந்து திரையருகே போய்விடுங்கள். விஷயம் தெரிந்தவர் பேச ஆரம்பித்தால் தெரியாதவர் தானாக உட்கார்ந்துவிடுவார். நான் இதைக் கற்றுக்கொள்ளும்போது எனக்கு 41 வயது. உங்களுக்கு எட்டு வருடம் மிச்சம்.

அடுத்தது அந்தப் 11 பேர்.

"அதட்டி வேலை வாங்குவது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது அதட்ட வேண்டும் என்று? உங்கள் பழைய தலைவர் அதட்டியிருப்பார், அதனால் அதுதான் முறை என்று தோன்றுகிறது. நான் பார்த்த மிக நல்ல ஷட்டவுன் தலைவர் ஒரு போர்மேன். எட்டாவது வரை படித்தவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெல்டர் பின்னால் போய் நிற்பார், ஆர்க் சத்தத்தைக் கேட்பார். சத்தம் சீராக இல்லையென்றால் தோளைத் தொட்டு, "என்ன தம்பி, ராடு ஈரமா?" என்பார். பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் ராடை ஓவனில் காயவைக்காமல் எடுத்துவந்திருப்பான். அந்த ஒரு கேள்வியில் வேலை திருந்திவிடும், அவன் மானமும் போகாது. நான் அவரிடம் சம்பளம் இல்லாமல் இரண்டு ஷட்டவுன் பாடம் படித்திருக்கிறேன்.

நீங்களும் முதல் மாதம் கேள்வி மட்டும் கேளுங்கள். மூத்த ஃபிட்டரிடம் போய், "அண்ணே, இந்த எக்ஸ்சேஞ்சரில் இருபது வருடமாக எந்த ட்யூப் முதலில் போகும்?" என்று கேளுங்கள். ட்ராயிங்கில் இல்லாத சரித்திரம் முழுக்க அவர் தலையில் இருக்கிறது. சொன்னதை அவர் கண்முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் அவர் பெயரையும் போடுங்கள். உங்களுக்கு மீட்டிங்கில் நடந்ததை நீங்கள் அவருக்குச் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

"பாப்பா" விஷயத்தில் ஊரிலுள்ள இளம் பெண் பொறியாளர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், பரவாயில்லை. 58 வயது ஃபிட்டர் சாரத்தின் மேலிருந்து "பாப்பா, பார்த்து வா, பலகை ஆடுது" என்றால் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தென்னாற்காட்டுப் பேச்சு அது, தன் மகளையும் அப்படித்தான் கூப்பிடுவார். மேலாளர் ஒருவர் வெளியாட்கள் முன்னால் மீட்டிங்கில் "பாப்பா ஏதோ சொல்லுது பாருங்க" என்றால் அது வேறு. அதை அன்றைக்கே, தனியாக, சிரிக்காமல், "மீட்டிங்கில் பெயரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிடுங்கள் சார்" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி ஃபிட்டரிடம் கோபத்தைக் காட்டினால், உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஆளை இழந்துவிடுவீர்கள்.

இதெல்லாம் தாண்டி பேச்சோ பார்வையோ தொல்லையாக மாறினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் தர வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் உங்களிடம்தான் முதலில் யாராவது அழுதுகொண்டு வருவார்கள்.

ராத்திரி வேலைக்குச் சட்டம் இடம் தராது என்று மேலாளர் சொன்னது பழைய கதை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது உண்மை. அந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே அதை அடித்துவிட்டது. போக்குவரத்து, கழிப்பறை, ஓய்வறை, தனியாக ஒரு பெண்ணை மட்டும் நிறுத்தாமல் இருப்பது போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டது, வேலையைத் தடுக்கவில்லை. நாடாளுமன்றம் 2020-இல் இயற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பெண் சம்மதித்தால் இரவிலும் வேலை செய்யலாம் என்றுதான் சொல்கிறது. மேலாளர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. 25 வருடமாக யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதோடு ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆய்வுப் பிரிவுக்குத் தினமும் ராத்திரி வேலை கிடையாது. ஷட்டவுன் வருடத்தில் மூன்று நான்கு வாரம். அந்த வாரங்கள் கொடுமையானவை, மறுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாறு. ஆனால் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரியும். அந்த மூன்று நான்கு வாரத்துக்காக மிச்சம் 48 வாரத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பேரமாக எனக்குத் தெரியவில்லை. கணவரோடும் அத்தையோடும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உட்காருங்கள். "நான் பெரிய வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்காதீர்கள். "ஜூன் மாதம் இந்த 24 நாள் மகளை யார் தூங்க வைப்பது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு கருத்து வரும். இரண்டாவதற்குப் பதில் வரும். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 சொச்சம் கிலோமீட்டர்தானே, அந்த 24 நாள் அவர் சாயங்காலம் சீக்கிரம் பஸ் ஏறட்டும்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி. இதற்காகப் பொறுப்பைத் தள்ளிப்போட வேண்டாம், பொறுப்புக்காகக் குழந்தையையும் தள்ளிப்போட வேண்டாம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறுச் சட்டத்தை 2017-இல் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுக்கவோ, வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றவோ கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும்.

நம் தொழிலுக்கே உரிய ஒரு விஷயம் ரேடியோகிராபி, அதாவது வெல்டைக் கதிர்வீச்சால் படம் எடுப்பது. இரிடியம்-192 சோர்ஸை வைத்து ராத்திரியில் ஷாட் எடுப்பார்கள். கர்ப்பம் உறுதியானதும் அதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், வெட்கப்பட்டு மூன்று மாதம் மறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தெரிவித்த பிறகு, மிச்சமுள்ள கர்ப்ப காலம் முழுவதற்கும் சிசுவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. தலைவராக நீங்கள் கயிறு கட்டிய எல்லைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. ஷாட் எடுப்பது அதற்கென்று உரிமம் பெற்றவர்களின் வேலை. காலையில் ஃபிலிமைப் பார்த்து, இது பாஸ், இது ரிப்பேர் என்று சொல்வதுதான் உங்கள் வேலை. யோசித்துப் பார்த்தால், கர்ப்பிணிக்குக் கீழ்மட்ட டெக்னீஷியன் வேலையைவிடத் தலைமை வேலை பத்திரமானது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

சரி, எழுத்தில் வாங்க வேண்டியவை. முதலாவதும் முக்கியமானதும், நிறுத்தும் அதிகாரம். வெசலின் மேன்ஹோலை மூடுவதற்கு முன்னால் ஆய்வுப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் மூடக்கூடாது என்று ஷட்டவுன் நடைமுறையில் ஹோல்ட் பாயிண்டாக எழுதியிருக்க வேண்டும். உற்பத்திக்காரர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு போன் பண்ணி "மேடம், மூடிடலாமா, காலையில் ஸ்டார்ட் அப்" என்று கெஞ்சுவார்கள். அப்போது உங்களுக்குத் துணை அந்தக் காகிதம்தான். அடுத்து, நீங்கள் பராமரிப்புப் பிரிவுத் தலைவருக்குக் கீழே வரக் கூடாது. தன் வேலையைத் தானே குறை சொல்லும் அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுவார்? நேரே ஆலைத் தலைமைக்கு அறிக்கை போகிற ஏற்பாடு வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் கிடைத்தும் பயனில்லை.

சம்பளம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆவணப் பிரிவுக்கு அதே சம்பளம் என்றார், தலைமைக்கு எவ்வளவு என்று சொன்னாரா? ஓய்வு பெறுகிறவர் எந்த கிரேடில் இருக்கிறாரோ அந்த கிரேடைக் கேளுங்கள். "முதலில் ஒரு வருடம் பார்ப்போம்" என்பார்கள். ஆறு மாதம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் கழிப்பறை. சிரிக்காதீர்கள். மே மாத ஷட்டவுனில் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து, அதற்கான பலனைப் பல வருடம் சிறுநீரகத் தொற்றாக அனுபவித்தவள் நான். காரணம், பெண்களுக்கான கழிப்பறை அலுவலகக் கட்டடத்தில் மட்டும், முக்கால் கிலோமீட்டர் தள்ளி. ஷட்டவுன் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். கான்ட்ராக்டில் வந்து குப்பை அள்ளுகிற, கிளீனிங் செய்கிற சித்தாள் பெண்கள் இருபது முப்பது பேர் இருப்பார்கள். அவர்கள் இத்தனை வருடம் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் அது.

ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை என்றீர்களே. துருவைப் பற்றிப் படித்த நீங்கள் காரைக்குடியை மறக்கலாமா? அங்கிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆரம்ப நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, லித்தியம் அயனி பேட்டரிக்கான பொருள்களில் ஆய்வு செய்து, 2019-இல் அந்த நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரானவர் ந. கலைச்செல்வி. 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனம் உட்பட நாட்டின் பல ஆய்வகங்களை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழுமம்) முழுவதற்கும் தலைமை இயக்குநர் ஆனார், அந்தப் பதவியில் முதல் பெண். அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பொருளறிவியலில் இதைவிடப் பெரிய நாற்காலி நாட்டில் அதிகம் இல்லை.

இன்னும் பின்னால் போனால் கிண்டி. அ. லலிதா 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்தார். அவரோடு படித்து வெளியே வந்த தெரசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவின் பட்டச் சான்றிதழில் மாணவர் ஆண் என்றே அச்சாகியிருக்க, அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். படிவம் அவருக்காகக் காத்திருக்கவில்லை, அவரும் படிவத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. "இன்னும் இரண்டு சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட்டு அப்புறம் தலைமை ஏற்கிறேன்" என்று சொல்லத் தோன்றும். எனக்குத் தெரிந்த பெண் பொறியாளர்கள் பாதிப் பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள், நானும்தான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) நடத்தும், அழுத்தக் கலன்களுக்கான 510, குழாய்களுக்கான 570, சேத வகைகளுக்கான 571 எல்லாம் நல்ல தேர்வுகள், கட்டாயம் எழுதுங்கள். பதவியில் இருந்துகொண்டு, கம்பெனி செலவில் எழுதுங்கள். ஆராய்ச்சி ஆசை இருந்தால் உங்கள் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோக இணைப்புக்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். களத்திலிருந்து ஒரு நல்ல வெடிப்பை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவரை இரண்டு இடத்திலும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். வெடித்த அந்தக் குழாயை மாற்றியிருப்பார்கள், சரி. அதே சூட்டில், அதே ரக ஸ்டீலில், அதே வருடம் இன்சுலேஷன் போட்ட பக்கத்து லைன்களைப் பிரித்துப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மழைக்காலம் வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். பதவி உத்தரவு கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், திங்கட்கிழமை காலையில் அந்த லைன்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போங்கள். தலைமைப் பொறுப்பைப் பற்றிய பேச்சையும் அங்கேயே ஆரம்பிக்கலாம்.